அப்பா மாதிரி

அந்த வாரம் அண்ணன் ரொட்டியைக் கருக்கினார். ஒரு தட்டு கருகினால் அடுப்பின் மேல் பழியைப் போட்டுவிடலாம். காலையில் போட்ட ரொட்டியும் கருகியது, மாலையில் போட்ட பன்னும் கருகியது. மாவு பிசைகிற பெரியவர் ரொட்டிகளின் அடிப்பக்கத்தைக் கத்தியால் சுரண்டிப் பார்த்தார். சுரண்டியும் தேறாதவற்றை ரஸ்க் போடலாம் என்று ஓரமாக அடுக்கினார். ரஸ்க் தின்பதற்கும் ஓர் அளவு உண்டல்லவா. தெரு முழுக்கத் தீய்ந்த வாசனை. வாடிக்கைக்காரர்கள் அண்ணனின் முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்க வந்ததை மென்று விழுங்கி, உள்ளதில் வெளுப்பானதைத் தாங்களே பொறுக்கிக்கொண்டு போனார்கள்.

கீழே பேக்கரி, மேலே வீடு. அடுப்பின் சூடு சுவர் வழியாக ஏறி மேலே குடித்தனம் நடத்தும். குளிர் நாளில் அது வரம், மற்ற நாளில் தண்டனை. அந்தச் சூட்டில் அண்ணன், அண்ணி, அவர்களுடைய ஒரே மகள், அண்ணனின் தங்கை என்று நான்கு பேர் வாழ்ந்தார்கள். தங்கை, ஊரின் கடைசியில் இருக்கிற பெண்கள் கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவள். கல்லூரியில் நடத்துகிறவளைப் பேராசிரியர் என்று சொல்ல வேண்டும் என்று தெருவில் யாருக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை. எல்லோருக்கும் அவள் டீச்சர்.

மகளுக்கு ஆந்தை என்று பேர். கைக்குழந்தையாக இருந்தபோது ராத்திரியெல்லாம் தூங்காமல் கண்ணை உருட்டிக்கொண்டிருப்பாள். அண்ணன் செல்லமாக வைத்த பேர் அது. இப்போது பள்ளிப் படிப்பை முடிக்கப்போகிற பெண். வெளிச்சம் கொஞ்சம் மங்கினால் அவளுக்குக் கண் தெரியவில்லை. மாடிப்படியில் கைப்பிடியைத் தடவித் தடவி இறங்குகிறாள். அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட வீட்டில் எல்லோருக்கும் வாய் கூசியது. "புதுசா ஏதாவது பேர் வச்சுக் கூப்பிட்டீங்கன்னா திரும்பியே பார்க்க மாட்டேன்" என்று அவள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் ஆந்தை ஆந்தையாகவே இருந்தாள்.

"உங்கண்ணனுக்கு என்னதான் வந்துச்சுன்னு நீயாவது கேளேன்" என்றாள் அண்ணி. அடுக்களையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் வந்ததற்கு வெங்காயம் மட்டும் காரணமா என்று டீச்சருக்குத் தெரியவில்லை.

"நீங்க கேக்கலையா அண்ணி?"

"கேக்காம இருப்பேனா? ஒண்ணுமில்லைங்கறாரு. சாப்பிடக் கூப்பிட்டா கீழயே சாப்பிட்டேன்ங்கறாரு. என்னத்தச் சாப்பிட்டாரு, அந்தக் கருகல் ரொட்டியையா? நேத்து காபி கொண்டுபோய் வச்சேன். ஆறி ஆடை கட்டிக் கிடக்கு. என் முகத்தப் பார்க்க மாட்டேங்கறாரு. சரி, என் மேல கோபம்னா என்னோட போகட்டும். அவ முகத்தையும் பார்க்க மாட்டேங்கறாரே."

"ஆந்தை முகத்தையா?"

"பார்க்கறாரு. அவ பார்க்காதப்ப பார்க்கறாரு. எதையோ தேடற மாதிரி பார்க்கறாரு."

டீச்சருக்கு வேறொரு கவலையும் இருந்தது. கூடத்து அலமாரியின் மேல், எட்டாத உயரத்தில், ஒரு சின்னப் பிளாஸ்டிக் குழாய் கிடந்தது. அதில் அண்ணன் கொஞ்சம் எச்சில் துப்பித் தர வேண்டும். நாளைக்குள் அனுப்பியாக வேண்டும்.

இந்தக் குழாய்க்குப் பின்னால் ஒரு கதை உண்டு. ஆந்தையின் கண்ணை முதலில் பார்த்த டாக்டர், இது பரம்பரையாக வருகிற கோளாறாக இருக்கலாம் என்று ரத்தம் எடுத்து அனுப்பினார். பதில் வந்தது. பார்வைக்கான மரபணு ஒன்றில் எழுத்து மாறியிருக்கிறது. அந்த மாற்றத்துக்குப் பொருள் தெரியவில்லை. அவ்வளவுதான். "பொருள் தெரியலைன்னா?" என்று அண்ணன் கேட்டார். "தெரியலைன்னா தெரியலைதான்" என்றார் டாக்டர். டீச்சர்தான் வீட்டுக்கு வந்து விளக்கினாள். உலகத்தில் லட்சக்கணக்கான பேருடைய மரபணுவைப் படித்துச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். ஒரு மாற்றம் கெட்டதா, சும்மா இருக்கிறதா என்று அதோடு ஒப்பிட்டுத்தான் சொல்வார்கள். அந்தச் சேகரத்தில் நம் ஆட்கள் கிட்டத்தட்ட இல்லை. இந்த மாற்றம் நம்மில் நல்ல கண் உள்ளவர்களுக்கும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். யாரும் பார்த்ததில்லை.

"நம்மள ஏன் சேர்க்கல?" என்று அண்ணன் கேட்டார்.

டீச்சரிடம் அதற்குப் பதில் இருந்தது. வாய் வரை வந்ததைச் சொல்லவில்லை. இளவயதில் அவள் தலைநகரத்து ஆராய்ச்சி நிலையத்தின் வாசலில் சான்றிதழ்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உங்கள் கல்லூரியிலிருந்து எடுக்கிற வழக்கமில்லை என்று வழிமறித்தவர் தன்மையாகத்தான் சொன்னார். திரும்பி வந்து வேலைக்குச் சேர்ந்தாள், தவளைகளையும் கரப்பான்பூச்சிகளையும் நடத்தினாள். கல்யாணம் தள்ளிப்போனதும் அது தானாக நின்றுபோனதும்கூட அவளை அவ்வளவு வருத்தவில்லை. தலைநகரத்துக்குப் போகிற பேருந்து கல்லூரி வழியாகத்தான் போகும். பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது அதன் சத்தம் கேட்டால் ஒரு நொடி வாய் நிற்கும். மாணவிகளுக்கு அது பழகிவிட்டது. அவள் ஏங்கினாள், அதுதான் உண்மை. யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாத வயதிலும் ஏங்கினாள்.

பிறகு அந்த நிலையமே தேடிக்கொண்டு வந்தது. சின்னக் கல்லூரிகளிலும் மரபணுத் தரவைப் படிக்கச் சொல்லிக்கொடுக்கிறோம், உங்கள் ஊர்க் குடும்பங்களும் ஆராய்ச்சியில் சேரலாம், கணக்குப்போடுகிற வேலையை உங்கள் மாணவிகளே செய்யலாம் என்றார்கள். தூசி தட்டிய அறையில் கணினிகள் வந்து உட்கார்ந்தன. வாயில் நுழையாத ஆங்கிலச் சொற்களைக் கண்டு பெண்கள் முதல் நாளே மிரண்டுபோனார்கள். டீச்சர் விடவில்லை. எல்லாவற்றையும் நம்ம பாஷையில் மாற்றினாள். ஜீனோம் என்பது மரபுத்தொகுதி ஆயிற்று. டேட்டா தரவு ஆயிற்று. சாம்பிள் மாதிரி ஆயிற்று. "சாம்பிள்னு சொன்னா மார்க் குறைப்பேன்" என்று விளையாட்டாக மிரட்டுவாள்.

அந்த வகுப்பில் பிசின் என்று ஒரு பெண். ஒரு சந்தேகத்தைப் பிடித்தால் ஒட்டிக்கொண்டு விடமாட்டாள், அதனால் அந்தப் பேர். நிலையமே அவளைச் சில மாதங்களுக்கு அழைத்துக்கொண்டது. வருகிற குழாய்களைச் சரிபார்த்து வீடுகளுக்குப் போன் செய்வது அவள் வேலை. தன்னைத் திருப்பி அனுப்பிய வாசலுக்குள் தன் மாணவி போய் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று டீச்சர் தலைகால் புரியாமல் திரிந்தாள்.

ஊரில் இதில் சேர்ந்தது இந்த ஒரு குடும்பம்தான். முதல் தடவை எச்சில் எடுத்தபோது அண்ணன் நல்ல உற்சாகத்தில்தான் இருந்தார். "துப்பு கெட்டவன், துப்பு கெட்டவன்னு எங்கப்பா திட்டிக்கிட்டே இருப்பாரு. இப்பப் பாரு, என் துப்பு வேணும்னு ஆராய்ச்சிக்காரங்க கேட்டு அனுப்பறாங்க" என்று சொல்லிச் சொல்லி, சிரிப்பில் பாதி எச்சிலைச் சட்டையில் விட்டார். மூன்று குழாய்கள் போயின. அப்புறம் அண்ணனுக்கு மட்டும் புதுக் குழாய் வந்தது. இன்னொரு தடவை துப்ப வேண்டும் என்று டீச்சர் நீட்டினாள். ஏன் என்று அவள் சொல்வதற்குள் அவர் அதை வாங்கி அலமாரி மேல் வீசினார்.

நாளைதான் கடைசி நாள். அப்பா, அம்மா, பிள்ளை மூவரும் இருந்தால்தான் குடும்பம் கணக்கில் சேரும். இல்லையென்றால் இந்தச் சுற்றில் விட்டுவிடுவார்கள். அடுத்த சுற்று என்று ஒன்று வருமா என்பது யாருக்கும் தெரியாது.

டீச்சர் நாற்காலி போட்டு ஏறிக் குழாயை எடுத்துக்கொண்டு பேக்கரிக்கு இறங்கினாள். மத்தியான ஓய்வு நேரம். பெரியவர் பின்கட்டில் படுத்திருந்தார். பிசைந்த மாவு ஈரத்துணிக்கு அடியில் பொங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் மரத்துடுப்பைச் சாம்பல் போகத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்ததையே துடைத்தார்.

"கதவச் சாத்து. மாவுல காத்து படும்" என்றார், திரும்பாமல்.

"அண்ணா, நாளைக்கு அனுப்பியாகணும்."

"அனுப்பு. யாரு வேணாம்னா?"

"நீங்க துப்பினாத்தான அனுப்பறது? ஆந்தை கண்ணு அண்ணா."

"அவ கண்ணுக்காக என் கண்ணப் புடுங்கிக் கேளு, தர்றேன்" என்றார். துடுப்பைச் சுவரில் சாய்த்தார். அது நிற்காமல் சரிந்தது, மறுபடி சாய்த்தார். "எச்சிலக் கேக்காத."

"இதென்னண்ணா கூத்து? போன தடவ சிரிச்சுக்கிட்டுக் கொடுத்தீங்களே."

"அப்ப எனக்கு எதுவும் தெரியாது. இப்ப அவங்களே சொல்லிட்டாங்க. ஒரு தடவ கேட்டு அடங்கினது போதும். ரெண்டாவது தடவ துப்பி, ஊர்ஜிதம் வேற பண்ணிக்கணுமா?"

"எத ஊர்ஜிதம் பண்ணணும்? யாரு என்ன சொன்னாங்க?"

அண்ணன் மாவின் மேல் கிடந்த துணியைச் சரிசெய்தார். நன்றாக இருந்த துணியைத்தான்.

"ஒரு பொண்ணு போன் பண்ணிச்சு. நல்ல பொண்ணு, மரியாதையாத்தான் பேசிச்சு. மாவு மெஷின் ஓடிக்கிட்டிருந்துச்சு, முன்னாடி சொன்னது சரியா கேக்கல. ஆனா அது கேட்டுச்சு. மகள்... அம்மா மாதிரி இருக்கு, அப்பா மாதிரி இல்லைன்னுச்சு. திரும்பச் சொல்லும்மான்னேன். அப்பா மாதிரி இல்லைங்க, நல்லா பார்த்துட்டோம்னுச்சு. வச்சுட்டேன்."

டீச்சருக்கு ஒரு கணம் ஒன்றும் ஓடவில்லை. அப்புறம் எல்லாம் ஒன்றாக விளங்கியது. அவள் சிரித்துவிட்டாள். சிரிக்கக் கூடாத இடத்தில் பீறிட்டுக்கொண்டு வந்த சிரிப்பு. அண்ணன் முகம் போன போக்கைப் பார்த்ததும் அது தொண்டையிலேயே நின்றது.

"அண்ணா, அவ சொன்னது குழாய. மகளோட மாதிரி வந்திருக்கு, அம்மாவோட மாதிரி வந்திருக்கு, அப்பாவோட மாதிரி வரலைன்னு சொல்லியிருக்கா. மூடி சரியா இறுகாம வழியிலயே உங்க எச்சில் ஒழுகிப் போச்சு. மாதிரின்னா சாம்பிள் அண்ணா, சாம்பிள்."

"சாம்பிளா?"

"துணிக் கடையில மாதிரிக்கு ஒரு துண்டு வெட்டித் தருவான்ல, அந்த மாதிரி."

"எந்த மாதிரி?"

"ஐயோ அண்ணா."

அவர் மாவு மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டார். "எச்சில் வரலைன்னு சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல அந்தப் பொண்ணு? குழாய் ஒழுகிடுச்சுன்னு சொன்னா என்ன, நாக்கு சுளுக்கிக்குமா?"

"நான்தான் அண்ணா அவளுக்கு அந்த வார்த்தையச் சொல்லிக் கொடுத்தேன்" என்றாள் டீச்சர். சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்தது. பெண்கள் பயப்படக் கூடாது, எல்லோருக்கும் புரிய வேண்டும் என்று மாற்றிய வார்த்தை.

"அப்ப இத்தன நாளா இதத்தான் நெனச்சுக்கிட்டு இருந்தீங்க."

அண்ணி படிக்கட்டின் கடைசிப் படியில் நின்றிருந்தாள். கையில் காபி டம்ளர். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அவள் கத்தவில்லை. டம்ளரை மேசையில் வைத்து, சிந்தியதை முந்தானையால் துடைத்தாள்.

"முகம் தெரியாத ஒரு பொண்ணு போன்ல ஒரு வார்த்த சொன்னா நம்பிட்டீங்க. என்னைய ஒரு வார்த்த கேக்கலாம்னு தோணலையா?"

"கேட்டா நீ..." என்று ஆரம்பித்து அண்ணன் நிறுத்தினார்.

"நான்? சொல்லுங்க. உடைஞ்சு போவேனா, பொய் சொல்லுவேனா?"

"கேட்டுட்டா அது கேட்டதா ஆயிடும்" என்றார் அவர். "கேக்காத வரைக்கும் இல்லைன்னு வச்சுக்கலாம்னு பார்த்தேன். முடியல. ரொட்டியெல்லாம் கருகுது."

அண்ணி அதைக் கேட்டு இளகவில்லை. "துப்ப வேண்டாம்" என்றாள்.

"அண்ணி" என்றாள் டீச்சர்.

"நீ இரு. இத்தன நாள் சந்தேகப்பட்டுட்டு, இப்ப துப்பினா அது எதுக்காகத் துப்பினதா ஆகும்? வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பார்க்கறதுக்கு என் பொண்ணு என்ன முட்டையா? சரி, ஒண்ணு கேக்கறேன், உண்மையச் சொல்லு. அந்தக் கணக்குல அதுவும் தெரியுமா?"

டீச்சருக்கு மழுப்பத் தெரியவில்லை. "தெரியும் அண்ணி. யார்கிட்டருந்து எது வந்துச்சுன்னு பார்க்கத்தான் மூணு பேரோடதும் கேக்கறாங்க."

மேலே கதவு திறக்கும் சத்தம் கேட்டது. படிக்கட்டில் எப்போதும் அரையிருட்டு. ஆந்தை கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியையும் காலால் துழாவி இறங்கினாள். பாதியில் ஒரு படி தவறியது. மூன்று பேரும் ஒன்றாக ஓர் எட்டு முன்னால் வைத்தார்கள். அவள் சமாளித்து நின்று, "யாரெல்லாம் இருக்கீங்க? ஏன் யாரும் பேச மாட்டேங்கறீங்க?" என்று இருட்டைப் பார்த்துக் கேட்டாள்.

அண்ணிதான் முதலில் அசைந்தாள். "ஒண்ணுமில்லடி. அப்பா துப்பப் போறாரு" என்றாள். பிறகு டீச்சரின் பக்கம் குனிந்து, அண்ணனுக்கும் கேட்கிற மாதிரியே சொன்னாள்: "கண்ணப் பத்தி என்ன தெரிஞ்சாலும் சொல்லு. அத மட்டும் இவருக்குச் சொல்லாத. என்னைக்கும் சொல்லாத. மெஷின் சொல்லி நம்பிக்கறதுக்காகவா நான் இத்தன வருஷம் இந்தச் சூட்டுல வெந்தேன்?"

"சொல்ல வேண்டாம்" என்றார் அண்ணன். "நான் கேக்க மாட்டேன்."

குழாயை வாங்கி வாயருகே வைத்தார். எச்சில் வரவில்லை. வெட்கத்தில் நாக்கு உலர்ந்துபோயிருந்தது. துப்பத் துப்ப வெறும் காற்றுதான் வந்தது. துப்பு கெட்டவன் என்று தன்னைத்தானே சொல்லிக்கொண்டார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அண்ணி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பேக்கரி அலமாரியில் இருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து, மேசையில் வைத்து இரண்டாக வெட்டினாள். ஒரு பாதியை அவர் மூக்குக்குக் கீழே நீட்டினாள். முகத்தை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"திங்கக் கூடாது. மோந்து பார்த்தா போதும்" என்றாள்.

குழாய் நிறைகிற வரை அவள் கை நீட்டியபடியே இருந்தது.

மாதங்கள் போயின. நிலையம் தரவை அனுப்பியது. கணக்கை டீச்சரும், வேலை முடிந்து திரும்பிவிட்ட பிசினும், இன்னும் சில பெண்களும் உட்கார்ந்து போட்டார்கள். தப்பு வந்தது. திருத்தினால் வேறு தப்பு வந்தது. ஒரு காற்புள்ளி இடம் மாறியதற்காக ஒரு சாயங்காலம் முழுக்கப் போயிற்று. பேருந்துச் சத்தம் கேட்டபோது டீச்சரின் விரல் நிற்கவில்லை என்பதைப் பிசின்தான் கவனித்தாள்.

குடும்பத்தைக் கல்லூரிக்கே வரச் சொன்னார்கள். அண்ணன் அந்தக் கல்லூரிக்குள் காலடி வைப்பது அதுதான் முதல் தடவை. மடிப்புக் கலையாத சட்டை போட்டுக்கொண்டு, ஒரு பெட்டி நிறைய பன் கொண்டுவந்திருந்தார். ஒன்றும் கருகவில்லை. போனில் பேசியது இவள்தான் என்று பிசினைக் காட்டியதும், "நல்லாப் பேசின போ" என்றார். பிசின் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

திரையில் படம் தெரிவதற்காகச் சன்னல் துணிகளை இழுத்து மூடினார்கள். அறை இருண்டது. ஆந்தை அப்பாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

திரை கறுப்பாக இருந்தது. அதில் ஆயிரக்கணக்கான வெள்ளைப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஓர் ஆள். ஒன்றுபோல இருப்பவர்கள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பார்கள் என்று டீச்சர் சொன்னாள். ஒரு மூலையில் மாவைக் கொட்டினாற்போல அப்பிக் கிடந்தது. இன்னொரு மூலையில் இன்னொரு குவியல். இவற்றுக்கெல்லாம் எட்டத்தில், பெரிய வெற்றிடத்துக்கு நடுவில், மூன்றே மூன்று புள்ளிகள்.

"ஆந்தை கண்ணுக்கு இன்னும் அதே பதில்தான் அண்ணா" என்று டீச்சர் முதலிலேயே சொல்லிவிட்டாள். ஒளித்து வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. "பொருள் தெரியல. நீங்க மூணு பேர் மட்டும் போதாது."

அண்ணன் தலையாட்டினார்.

"எனக்கு யார் முகமும் தெரியல" என்றாள் ஆந்தை. "ஆனா அந்தப் புள்ளியெல்லாம் பளிச்சுனு தெரியுது. அத்தை, அந்த மூணுல நான் எது?"

டீச்சர் அண்ணியைப் பார்த்தாள். அண்ணன் சட்டென்று திரையிலிருந்து கண்ணை எடுத்து, மூடியிருந்த சன்னலைப் பார்த்துக்கொண்டார். கொடுத்த வாக்கைக் காப்பாற்ற அந்த மனிதருக்கு அதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. அண்ணி அவரைப் பார்த்தாள். அந்த இருட்டிலும் கொஞ்ச நேரம் நன்றாகப் பார்த்தாள்.

"சொல்லு" என்றாள் டீச்சரிடம். "கேக்கறாள்ல, சொல்லு."

"நடுவுல இருக்கறது நீ" என்றாள் டீச்சர். "இந்தப் பக்கம் உங்கம்மா. அந்தப் பக்கம் உங்கப்பா."

அண்ணன் சன்னலைப் பார்த்தபடியே இருந்தார். பிறகு எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனார். கையால் அந்தக் கறுப்பு இடத்தை அளப்பதுபோல் காட்டினார்.

"சுத்தி இவ்வளவு எடம் காலியா இருக்கே. இங்க யாரும் இல்லையா?"

"இருக்காங்க. தெரு முழுக்க இருக்காங்க, ஊர் முழுக்க இருக்காங்க" என்றாள் டீச்சர். "இங்கதான் இல்ல. நம்ம மாதிரி இன்னும் வரல அண்ணா."

இந்தத் தடவை அவருக்கு அந்த வார்த்தை எந்த அர்த்தத்தில் என்ற சந்தேகம் வரவில்லை. இரண்டும் ஒன்றுதான் என்று பட்டது.

"அவங்கல்லாம் வந்தாத்தான் இவளுக்குப் பதிலா?"

"ஆமா."

"வருவாங்களா?"

மடியில் சான்றிதழ்களோடு உட்கார்ந்திருந்த அந்த வாசல் டீச்சருக்கு நினைவுக்கு வந்தது.

"கூப்பிட்டா வருவாங்க அண்ணா. நம்மள இத்தன நாளா யாரும் கூப்பிடல, அவ்வளவுதான்."

ஆந்தை எழுந்தாள். இருட்டில் பெஞ்சுகளைத் தடவிக்கொண்டு, வெளிச்சப் புள்ளிகளை மட்டும் நம்பித் திரை வரை நடந்தாள். மூன்று புள்ளிகளுக்குப் பக்கத்தில் இருந்த வெற்றிடத்தில் உள்ளங்கையை வைத்தாள், பேருந்தில் ஆள் வருகிறது என்று சீட்டில் கை வைத்துக்கொள்வதுபோல.

"எடம் போட்டு வைக்கறேன்" என்றாள். "நீங்க போய்க் கூட்டிட்டு வாங்கப்பா."